குழலும் சீவாளியும்: நாம் கேட்டுப் பார்க்காத இசை



கூடுவாஞ்சேரியில் மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவைப் பற்றிச் சொற்பொழிவு என்று அழைப்பிதழில் பார்த்ததும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். வரட்டும். ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன் ஒரு பக்கம், செங்கல்பட்டுக்குப் போகிற மின்சார ரயில் மறுபக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஓபோவையும் பசூனையும் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்தான். அந்தத் துணிச்சலை எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு எண்ணம். ஊதுகிற இசை நமக்கு அந்நியம் இல்லை. நந்திவரம் நந்தீஸ்வரர் கோயில் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு நாகஸ்வரச் சீவாளியின் ஓசை என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: பெரிய வாத்தியக் குழுவின் நடுவே ஒற்றை ஊதுகருவி எழுந்து நின்று பேசுகிற இசை. அதிலும், அதிகம் பேர் கேட்டறியாத இசை. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதன் முதல் நான்கு ஸ்வரங்களை உலகமே அறியும். அறியாதவற்றைப் பற்றிப் பேசுவோம். அவை ஏன் அறியப்படாமல் கிடக்கின்றன, அதில் வாசிப்பவர்களின் பங்கு எவ்வளவு, கேட்பவர்களாகிய நம் பங்கு எவ்வளவு என்று பேசுவோம்.

முதலில் கருவிகளைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண மண்டபத்தில் கீபோர்டும் டிரம்ஸும் வைத்துச் சினிமாப் பாட்டுப் பாடுகிற குழு. நான் சொல்வது அறுபது பேர், எண்பது பேர் உட்கார்ந்து எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசிக்கிற குழுவை. முன்னால் வயலின் கூட்டம். நடுவில், வயலின்களுக்குப் பின்னால், ஊதுகருவிக்காரர்கள். அங்கே நான்கு குடும்பங்கள். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன்.

புல்லாங்குழல் நமக்குத் தெரியும். ஆனால் அவர்களுடைய குழல் இப்போது உலோகம். 1847இல் ஜெர்மனியில் தியோபால்ட் போம் என்ற குழல் கலைஞர் அதை உருளையான உலோகக் குழாயாக்கிச் சாவிகளைப் பொருத்தினார். ஓபோ நம் நாகஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே இரட்டை நாக்குச் சீவாளி. ஆனால் அறைக்குள் வாசிக்கிற சின்னக் குரல். கிளாரினெட்டுக்கு ஒற்றை நாக்கு. பசூன் மடித்துவைத்த குழாய். நீட்டினால் எட்டு அடிக்கு மேல் போகும். ஆண்குரலின் அடிவயிற்றிலிருந்து வருகிற ஒலி அதற்கு.

மரத்திலும் உறவு உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்கு நல்லார், குழல் செய்ய ஏற்றவை என்று ஐந்தைச் சொல்கிறார்: மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி. இன்றைய ஓபோவும் கிளாரினெட்டும் ஆப்பிரிக்காவில் விளைகிற கன்னங்கரிய வைரம் பாய்ந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. நம் நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் கடைந்தெடுக்கும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடே கிடைத்தது. வைரம் பாய்ந்த மரம், துளை, மூச்சு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் மனிதன் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறான்.

நம் மாவட்டத்தில் இதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்துக்குள் போய்ப் பாருங்கள். கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கும் கண்ணனைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதே பாறையில் பசுவில் பால் கறக்கிறான் ஒருவன். குழல் ஊதுகிறான் ஒருவன். மழை கொட்டுகிறது, மலை தலைக்கு மேல் நிற்கிறது, அவன் பாட்டுக்கு ஊதுகிறான். அந்த ஆயனை நின்று பார்த்தவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்?

அடுத்து, கான்சர்ட்டோ. ஒரு தனிக்கருவி, அதற்கு எதிரே முழு வாத்தியக் குழு. தனிக்கருவி பேசும், குழு பதில் சொல்லும். சில நேரம் குழு வாதிடும், தனிக்கருவி சமாதானம் சொல்லும். பெரும்பாலும் மூன்று பகுதிகள்: விறுவிறுப்பான ஒன்று, நிதானமான ஒன்று, மறுபடி ஓட்டம். பியானோவுக்கும் வயலினுக்கும் எழுதப்பட்ட கான்சர்ட்டோக்கள் உலக அரங்குகளில் மாதம் தவறாமல் ஒலிக்கின்றன. ஊதுகருவிகளுக்கு எழுதப்பட்டவை? மோட்சார்ட் 1791இல், தான் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதி முடித்த கிளாரினெட் கான்சர்ட்டோ ஒன்று விதிவிலக்கு. மற்றவை அலமாரியில்.

விவால்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 'நான்கு பருவங்கள்' தெரியாதவர் கிடையாது. பெயர் தெரியாவிட்டாலும் விளம்பரத்திலும் தொலைபேசிக் காத்திருப்பிலும் கேட்டிருப்பீர்கள். அதே விவால்டி பசூனுக்கு மட்டும் 39 கான்சர்ட்டோக்கள் எழுதியிருக்கிறார். முப்பத்தொன்பது! அவற்றில் ஒன்றையாவது கேட்டவர் யார்? ஓட்டல் பலகையில் நாற்பது பலகாரம் எழுதியிருக்கும்; நாம் உட்கார்ந்ததும் இரண்டு இட்லி ஒரு வடை என்போம். மற்ற முப்பத்தெட்டும் நன்றாக இல்லை என்று நமக்கு யார் சொன்னது?

இன்னொன்று கேளுங்கள். இந்த விவால்டியே ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தவர். அவருடைய கையெழுத்துப் பிரதிகளின் பெருந்தொகுதி இத்தாலியில் வெளிவந்து தூரின் நகரத் தேசிய நூலகத்துக்குச் சேர்ந்தது 1920களில்தான். அதற்குப் பிறகுதான் உலகம் அவரைக் கொண்டாடியது. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையரைப் பெற்ற நமக்கு இது புதிதாகப் படக்கூடாது. இன்று எல்லோருக்கும் தெரிந்தது, நேற்று யாருக்கும் தெரியாதது. பிரபலம் என்பது தரத்துக்கு அத்தாட்சி என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கதையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, ஊதுகருவி இசை எப்படிப் பிறக்கிறது? இங்கேதான் நான் உங்களை ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்கு அழைத்துப் போகிறேன். பயப்பட வேண்டாம், அங்கிருந்து நேரே சென்னைக்கு வந்துவிடுவோம்.

1811. வேபர் என்ற இளைஞர், வயது இருபத்து நான்கு, மியூனிக்குக்கு வருகிறார். அங்கே அரசவை வாத்தியக் குழுவில் ஹைன்ரிச் பேர்மன் என்ற கிளாரினெட் கலைஞர். பட்டுப் போன்ற நாதம் என்று பெயர் வாங்கியவர். அவருக்காக வேபர் ஒரு சின்ன உருப்படி எழுதினார். அரசர் கேட்டார். கேட்டு மகிழ்ந்து, இன்னும் இரண்டு பெரிய கான்சர்ட்டோ எழுது என்று உத்தரவு போட்டார். அவ்வளவுதான், குழுவில் இருந்த மற்ற வித்வான்களுக்கெல்லாம் ஆசை வந்துவிட்டது. எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இளைஞரைச் சூழ்ந்துகொண்டார்கள். கடைசியில் கிடைத்தது ஒருவருக்கு. பசூன் வாசித்த பிராண்ட் என்பவருக்கு. அப்படிப் பிறந்ததுதான் வேபரின் பசூன் கான்சர்ட்டோ. அதன் நடுப்பகுதி இருக்கிறதே, நாடக மேடையில் பெருங்குரல் நடிகர் ஒருவர் தனியாக நின்று மனம்விட்டுப் பேசுவது போல இருக்கும். பசூன் என்றாலே கோமாளிக் கருவி, கார்ட்டூன் படத்தில் யானை நடக்கும்போது வாசிப்பது என்று நினைத்திருப்பவர்கள் அதைக் கேட்டால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள்.

ஒருவர் வேண்டினார், ஒருவர் எழுதினார். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மியூனிக் குழுவில் பிற்காலத்தில் கொம்பு வாத்தியம் வாசித்தவர் ஃபிரான்ஸ் ஸ்ட்ராஸ். அவருடைய மகன் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், பெரும் இசையமைப்பாளர். 1945. உலகப் போர் முடியும் தறுவாயில் இருக்கிறது. மியூனிக் நாடக அரங்கம் குண்டுவீச்சில் இடிந்து கிடக்கிறது. கிழவருக்கு வயது 81 நடக்கிறது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கார்மிஷ் என்ற ஊரில் தன் வீட்டில் இருக்கிறார். அமெரிக்கப் படை அந்த ஊருக்குள் வருகிறது. படைவீரர்களில் ஒருவர் ஜான் டி லான்சி. போருக்கு முன் பிட்ஸ்பர்க் வாத்தியக் குழுவில் ஓபோ வாசித்தவர். அவர் ஸ்ட்ராஸைப் பார்க்க வருகிறார், பேசுகிறார், தயங்கித் தயங்கி ஒரு கேள்வியை முன்வைக்கிறார்: ஐயா, உங்கள் சிம்பொனிகளிலும் நாடகங்களிலும் ஓபோவுக்கு எத்தனை அழகான இடங்கள்! ஓபோவுக்கென்றே ஒரு கான்சர்ட்டோ எழுதுகிற எண்ணம் உங்களுக்கு உண்டா?

கிழவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார். இல்லை.

வீரர் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. சில மாதங்களில் ஸ்ட்ராஸ் ஓபோ கான்சர்ட்டோவை எழுதி முடித்துவிட்டார். 1946 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் அது அரங்கேறியது. இடிபாடுகளின் நடுவே எழுதப்பட்ட இசை, ஆனால் அதில் புலம்பல் இல்லை. தொடங்கியதிலிருந்து ஓபோ நிற்பதே இல்லை. மூச்சு வாங்க இடம் கொடுக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஓபோவில் சிக்கல் காற்று போதாமல் போவதில்லை. அந்த மெல்லிய சீவாளிக்குள் போகும் காற்று மிகக் கொஞ்சம். மீந்துபோன மூச்சு நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். அதை வெளியே விடுவதற்கு நேரம் கிடைக்க வேண்டும். ஸ்ட்ராஸ் கொடுக்கவில்லை. அதனாலேயே ஓபோக்காரர்கள் இன்றும் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அதனாலேயே விரும்புகிறார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. அமெரிக்காவில் அதை முதலில் வாசிக்கும் உரிமையை ஸ்ட்ராஸ் டி லான்சிக்கே கொடுத்தார். ஆனால் டி லான்சி அப்போது ஃபிலடெல்பியா குழுவில் இளையவர். மூத்த ஓபோ வித்வான் முன் வரிசையில் இருக்கும்போது இளையவர் எழுந்து தனியாக வாசிப்பது அங்கே முறை இல்லை. நம் ஊர் மேளக் கோஷ்டியில் மட்டும்தான் மூத்தவர், இளையவர் என்று நினைக்கிறீர்களா? அங்கேயும் அதே கதைதான். உரிமை இன்னொருவருக்குப் போயிற்று. வேண்டிக்கொண்டவர் அந்த இசையை ஒலிப்பதிவு செய்தது 1987இல்!

மியூனிக்கிலிருந்து சென்னைக்கு வருவோம் என்று சொன்னேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்ததை இந்தக் கடற்கரை மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கல்பாக்கத்திலும் மாமல்லபுரத்தைச் சுற்றிலும் இருந்த குப்பங்களிலும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். சரியாக ஓராண்டு கழித்து, 2005 டிசம்பர் 26 அன்று, சென்னை மியூசிக் அகாடமியில் பவேரிய அரசு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. நடத்தியவர் மும்பையில் பிறந்த சுபின் மேத்தா. அந்த பவேரிய அரசு ஆர்க்கெஸ்ட்ரா எது தெரியுமா? பேர்மனும் பிராண்டும் வாசித்த அதே மியூனிக் அரசவைக் குழுவின் வழித்தோன்றல். ஃபிரான்ஸ் ஸ்ட்ராஸ் கொம்பு ஊதிய அதே குழு. மார்கழிக் கச்சேரிகளுக்கு நடுவே, ராகமும் தானமும் கேட்டுப் பழகிய அந்த அரங்கில், நம் கடற்கரையில் இறந்தவர்களை நினைத்து அவர்கள் வாசித்தார்கள். மியூனிக் அவ்வளவு தூரமில்லை, நண்பர்களே.

உண்மையில் இந்தப் போக்குவரத்து இருநூறு ஆண்டுப் பழையது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில், அவ்வூர் முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாசிக்கும். தம்பி பாலுசுவாமி அங்கிருந்துதான் வயலினைக் கற்றுக்கொண்டார். நம் சங்கீதத்துக்கு வயலின் வந்த வழி அது. அண்ணன் முத்துசுவாமி என்ன செய்தார்? பேண்டுக்காரர்கள் ஊதிய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் கட்டினார். நோட்டுஸ்வரம் என்று பெயர். சுமார் நாற்பது உருப்படிகள், எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில். ஆங்கிலேயர் தங்கள் அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டில் அம்பாளைத் துதிக்கிறார் அந்த மகான்! இன்று குழந்தைகளுக்கான பாட்டுப் பயிற்சி என்று அதை ஒதுக்கிவைத்திருக்கிறோம். பெரிய வித்வான் ஒருவர் பிரதான மேடையில் நோட்டுஸ்வரம் பாடினால் சபையில் பாதிப் பேர் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

தீட்சிதரின் மற்ற கிருதிகள் நமக்குக் கிடைத்த கதையும் இந்தப் பொருளுக்குள்தான் வருகிறது. சென்னை அரசுச் செயலகத்தில் வேலை பார்த்த ஏ.எம்.சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவத் தமிழர், நம் கீர்த்தனைகளை மேற்கத்திய ஸ்வரக் குறிப்பில் எழுதி 1893இல் அச்சிடத் தொடங்கினார். கைப்பணத்தைக் கரைத்தார். அவர்தான் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரிடம், உங்களிடம் இருப்பதையெல்லாம் நூலாக்குங்கள் என்று விடாமல் வற்புறுத்தினார். எட்டயபுரம் அரசர் துணை நின்றார். 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வந்தது. அது வந்திராவிட்டால் தீட்சிதரின் எத்தனையோ உருப்படிகள் இன்று நம்மிடம் இல்லை. பார்த்தீர்களா? மறுபடியும் ஒருவர் வேண்டினார், ஒருவர் எழுதினார். 1893 என்றேன். அதே ஆண்டில்தான் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனும் சென்னையில் தொடங்கியது. மேற்கத்திய சேர்ந்திசையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நகரத்தில் பாடிவருகிற சங்கம் அது.

கிளாரினெட்டும் பேண்டோடு வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டிலேயே சதிராட்டத்தில் முகவீணை என்ற ஊதுகருவியின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. பாலசரஸ்வதியின் ஆட்டத்துக்குப் பின்னால் கிளாரினெட் ஒலித்தது. ஆனால் தனிக் கச்சேரிக் கருவியாக அதற்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். சாவி வைத்த கருவியில் கமகம் வராது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் கமகத்தை வரவழைத்தார். நாகஸ்வரச் சக்ரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையே அவருக்கு 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் கொடுத்தார் என்றால் வேறென்ன வேண்டும்? 2022இல் பத்மஸ்ரீ வந்தது. தாமதம்தான். கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் கேட்டு மயங்கி, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்து, 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். தமிழர் ஒருவர் ஊதுகருவியையும் பெரிய வாத்தியக் குழுவையும் வைத்துச் செய்த முழு நீளப் படைப்பு எது? கையை உயர்த்துங்கள் பார்க்கலாம். சரி, நானே சொல்கிறேன். 1988. இளையராஜா. 'நத்திங் பட் விண்ட்'. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், எதிரே ஐம்பது பேர் கொண்ட வாத்தியக் குழு. அதில் ஓர் உருப்படிக்கு 'மோட்சார்ட் ஐ லவ் யூ' என்று பெயர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த 'ஹவ் டு நேம் இட்' பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், பாக்கும் தியாகராஜரும் சந்தித்தார்கள் என்கிறார்கள். என் கட்சி வேறு. குழல் தொகுப்புதான் எனக்கு ஒரு படி மேலே. காரணம் சொல்கிறேன். அதில் குழல் தன் ராகத்தை விட்டுக்கொடுப்பதில்லை. வயலின் கூட்டமும் தன் மேற்கத்தியச் சுருதிக் கட்டை விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று மற்றொன்றுக்கு வேஷம் கட்டவில்லை. கான்சர்ட்டோ என்ற வடிவத்தின் உயிரே அந்தச் சரிநிகர் பேச்சுதானே? எண்பதுகளின் தாளக் கருவி ஒலி சில இடங்களில் பழையதாகப் படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இளையராஜாவின் சினிமாப் பாட்டு ஆயிரம் தெரிந்தவர்கள் வீட்டில் இந்தத் தொகுப்பைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

இன்னும் ஒன்று. 1993இல் லண்டன் ராயல் பில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு அவர் ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். செய்தித்தாள்கள் கொண்டாடின. அந்தப் பதிவு வெளிவரவில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி மேடையேறியபோது உலகத் தமிழர்கள் பூரித்தார்கள். நானும்தான். ஆனால் முப்பது ஆண்டுகள் அந்த முதல் சிம்பொனி எங்கே என்று வற்புறுத்திக் கேட்ட தமிழர்கள் எத்தனை பேர்? டி லான்சி கேட்டது போல, சின்னசாமி முதலியார் நச்சரித்தது போல? அபூர்வமான இசையைத் தேடி நாம் லண்டனுக்கும் வியன்னாவுக்கும் போக வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளை எழுதியதே நாம் கேட்காமல் கிடக்கிறது.

இதைவிட அருகிலும் ஒன்று கேட்காமல் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

கோயில் வாசலில் நிற்கிற பெரிய மேளத்தைப் பாருங்கள். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம், பின்னால் சுருதி. முன்பு அந்தச் சுருதிக்கு ஒத்து என்ற ஊதுகருவியே தனியாக இருந்தது. ஒரே ஸ்வரத்தை இரவு முழுவதும் விடாமல் ஊத ஓர் ஆள். இப்போது சுருதிப்பெட்டி. மூன்று மணி நேரம் வீதியில் நடந்துகொண்டே வாசிக்கும் ஊதுகருவிக் குழு உலகில் வேறெங்கே இருக்கிறது? அதற்கென்றே எழுந்த உருப்படிகள் இருக்கின்றன. மல்லாரி. சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் வாசிப்பது. சொல் கிடையாது, பாட்டு கிடையாது, ஸ்வரமும் தாளமும் மட்டுமே. தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி, தேருக்கு ஒரு மல்லாரி. ரக்தி என்று ஒன்று உண்டு. நாகஸ்வரமும் தவிலும் மட்டுமே வாசிக்கக்கூடிய பெரிய உருப்படி, அதற்கும் சாகித்தியம் இல்லை. அதை முழுதாக வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். திரும்பி வந்து சன்னிதியை நெருங்கும்போது எச்சரிக்கை என்ற உருப்படி. பள்ளியறையில் நீலாம்பரி. நாழிகைக்கு நாழிகை, வீதிக்கு வீதி ராகம் மாறும்.

கேள்வி இதுதான். அந்த மல்லாரியை யார் கேட்கிறார்கள்? சுவாமி கோபுர வாசலைத் தாண்டும் அந்த நேரத்தில்தான் நாம் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்துகிறோம். செண்டை மேளத்தை வாடகைக்குக் கொண்டுவந்து நாகஸ்வரக்காரரை ஓரமாகத் தள்ளிவிடுகிறோம். கல்யாணத்தில் அவருக்குக் கிடைப்பது மாங்கல்ய தாரணத்துக்கு ஒரு கெட்டி மேளம். அதற்குப் பிறகு வருகிற சீட்டெல்லாம் சினிமாப் பாட்டு. சினிமாப் பாட்டு தாழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் போட்டி போட்டதே, அதைவிட உயர்ந்த நாகஸ்வரப் பாடம் உண்டா? 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் ஊதியதைக் கேட்டு ஒரு தலைமுறையே நாகஸ்வரத்தைக் கேட்கத் தொடங்கியது. குறை சினிமாவிடம் இல்லை. அந்த ஓரிரு படப் பாட்டுகளையே அறுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிற நம்மிடம் இருக்கிறது.

மேற்கே பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை வைத்தால்தான் டிக்கெட் விற்கும் என்று நிர்வாகிகள் நினைக்கிறார்கள். இங்கே 'நகுமோமு' வைத்தால்தான் கைதட்டல் வரும் என்று வித்வான்கள் நினைக்கிறார்கள். இருவரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசிப்பவருக்குச் சோறு வேண்டும். காம்போதியில் உலகம் அறிந்த ஓர் உருப்படி இருந்தால் அதை வாசித்துவிட்டுப் போவார். புதியதை வாசித்து யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் அடுத்த முறை அதை எடுக்க அவருக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? ஊதுகருவி மற்றக் கருவி போல இல்லை. வயது ஏற ஏற மூச்சு குறையும், பல் போகும், உதடு தளரும். ஒரு வித்வான் ஓர் அபூர்வ உருப்படியை முழு வீச்சில் வாசிக்கும் காலம் இருபது, முப்பது ஆண்டுகள்தான். அந்தக் காலத்துக்குள் யாராவது அவரிடம் வந்து, ஐயா அதை வாசியுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது அவரோடு போய்விடும். ஏட்டில் இருந்தால் ஒரு சாமிநாதையர் எடுப்பார். மூச்சில் இருந்ததை யார் எடுப்பது?

ஆகவே எனக்கு ஒரு ஆசை. சொன்னால் சிரிக்காதீர்கள். இந்த மாவட்டத்தில், ஆண்டுதோறும் நாட்டிய விழா நடக்கிற மாமல்லபுரத்திலேயே, ஒரு மாலை ஊதுகருவிகளுக்கென்று ஒதுக்க வேண்டும். முதலில் நாகஸ்வரத்தில் ஒரு பெரிய மல்லாரியும் ரக்தியும். அடுத்து தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள், பேண்டுக் கருவிகளோடு. பிறகு வேபரின் பசூன் கான்சர்ட்டோ. கடைசியில் 'நத்திங் பட் விண்ட்'டிலிருந்து ஒரு பகுதி. வாசிக்க ஆள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் மூன்றாண்டுப் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008இல் தொடங்கிய இசைக் கல்லூரியில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளே சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவாக வளர்ந்திருக்கிறார்கள். பணம் கொடுக்கவும் ஆள் இருப்பார்கள். மறைமலைநகரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அந்த மாலைக்கு வந்து உட்கார ஆயிரம் பேர் வேண்டும். அதை அரசும் கம்பெனியும் தர முடியாது.

அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை உங்களிடம் மூன்று வேண்டுகோள். இளைஞர்களே, கைபேசியில் இன்று இரவே வேபரின் பசூன் கான்சர்ட்டோவின் இரண்டாம் பகுதியைத் தேடிக் கேளுங்கள். ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். கல்யாணம் வைத்திருக்கிற பெற்றோர்களே, நாகஸ்வரக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே, உங்களுக்குப் பிடித்த, யாரும் கேட்காத உருப்படி ஒன்றை வாசியுங்கள் ஐயா என்று சொல்லுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள். கோயில் விழாக் குழுவில் இருக்கிறவர்களே, உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். அடுத்த உற்சவத்தில் சுவாமி புறப்படும்போது வேட்டுக்காரரைப் பத்து நிமிடம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். மல்லாரி முடிந்தபிறகு கொளுத்திக்கொள்ளலாம்.